கணவாயில் இரண்டு கோடு

சோங்-கோல் ஏரிக்கரை
ஜூன் 14

பெர்மெத்,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். இது திட்டுவதற்காக எழுதும் கடிதம். கணவாய்வரை குதிரையில் ஏறிப்போனால் ஃபோனுக்குச் சிக்னல் வரும்தான். ஆனால் அங்கே அடிக்கிற காற்றில் பாதி வார்த்தை பறந்துபோகும். எனக்கு உன்னை முழுசாகத் திட்ட வேண்டும். அதனால்தான் ஏரிக்கும் கோச்கோருக்கும் ஓட்டுகிற ஜுமாபெக்கின் வேனில் இந்தக் காகிதம் வருகிறது.

விருந்தாளிகள் தங்கும் நம் கூடாரங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிற வேலையை உன்னிடம் கொடுத்தது நான்தான். என் நாத்தனார் டீச்சர், நாலு மொழி தெரிந்தவள், கோச்கோரில் இருந்தபடியே உலகத்தோடு பேசுவாள் என்று பெருமையாகத்தான் கொடுத்தேன். அதில் 'கார்டு வாங்கிக்கொள்வோம்' என்று யாரைக் கேட்டு எழுதினாய்?

ஹாலந்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்தப் பெண் குதிரைப்பாலை முகம் சுளிக்காமல் குடித்து இரண்டாவது கிண்ணமும் கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிளம்பும் நாள் காலையில் அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். முகவரி அட்டை தருகிறார் போல என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நன்றி சொல்லி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிற்கிறோம், யாரும் நகரவில்லை.

அப்போது உன் அண்ணன் வந்தார். கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "இத எங்க சொருகணுமாம்? குதிரை வாயிலயா?" என்றார்.

பக்கத்து முகாம் சுரகானுக்கு மாவுச் சல்லடை கேட்டு வர அந்த நேரம்தானா கிடைக்க வேண்டும்? "என்ன சைரகுல், ஒன் நாத்தனா காத்துலயே காசு வாங்குறாளாமே!" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பாஷை புரியாவிட்டாலும் அந்த மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்துபோய், கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் காசுக்கு ஈடாகக் கழற்றி நீட்டினார். வாங்குவேனா நான்? இருவரையும் ஜுமாபெக்கோடு அனுப்பி வைத்தேன். கோச்கோர் ஏடிஎம்மில் எடுத்து, அடுத்த நடையிலேயே உறையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார்கள், கூடவே சாக்லேட்டும். நல்ல மனுஷர்கள். ஆனால் அந்தக் காது சிவந்ததை என்னால் மறக்க முடியவில்லை. என் கூடாரத்துக்கு வந்த விருந்தாளி தலையைக் குனிந்துகொண்டு போகக் கூடாது.

அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடு.

சைரகுல்


கோச்கோர்
ஜூன் 17

அண்ணிக்கு,

"தொட்டா சுடும், பாத்து வாங்கு" என்று சொல்லித்தான் ஜுமாபெக் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். வேனில் கொடுக்கும்போதே பாதியை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது.

கார்டு மெஷின் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதிவிட்டேன். சரி. ஆனால் அந்த வரியை எடுக்க மாட்டேன், அண்ணி. இப்போது யாரும் கட்டுக்கட்டாக நோட்டை வைத்துக்கொண்டு மலை ஏறுவதில்லை. "கார்டு உண்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிஷ்கெக்கில் உள்ள ஒரு சுற்றுலா ஏஜென்சி ஆகஸ்ட் முழுக்க நமக்குக் குழு குழுவாக ஆள் அனுப்பத் தயாராக இருக்கிறது. நாமே கார்டு வாங்கினால் விருந்தாளிகள் நேராக நம்மிடம் கட்டலாம். முடியாவிட்டால் ஏஜென்சியே எல்லாரிடமும் வசூலித்து, கால் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பருவம் முடிந்த பிறகு தருமாம். "நீங்க சமைச்சாப் போதும்மா, காசு விஷயத்த நாங்க பாத்துக்கறோம்" என்று அந்த ஆள் ஃபோனில் தேன் மாதிரி பேசினார். அந்தத் தேனை நான் நம்பவில்லை.

அதனால் வங்கிக்குப் போனேன். கண்ணாடி போட்ட பெரிய வங்கி. டை கட்டிய பையன் ஒருவன் கேட்டான்:

"மெஷின எங்க வைக்கப் போறீங்க?"

"சோங்-கோல்ல."

"கடையா?"

"கூடாரம்."

"கதவு எண்?"

"கதவே கம்பளிதான் தம்பி."

அவன் சிரிக்கவே இல்லை. ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டான். நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். ஒரு வகை மெஷின் இருக்கிறதாம். சிக்னல் இல்லாவிட்டாலும் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்த பிறகு வங்கியைக் கேட்கும். வங்கி 'இவர் கணக்கில் பணம் இல்லை' என்று சொல்லிவிட்டால், நஷ்டம் நம் தலையில். ஆளோ அதற்குள் தாஷ்கெண்ட் தாண்டியிருப்பார். இன்னொரு வகையில் மெஷினே வேண்டாம், ஃபோனின் முதுகில் கார்டைத் தொட்டால் போதுமாம். ஆனால் அதற்குப் புது ஃபோன் வேண்டும். உங்கள் ஃபோனைப் பெண்குதிரை மிதித்த பிறகு அதில் மணி பார்ப்பதே பெரிய விஷயம்.

இப்போதைக்கு, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு க்யூஆர் அட்டை அனுப்பியிருக்கிறேன். காசு என் கணக்குக்குப் போகும். வெளிநாட்டுக்காரர்களுக்கு உதவாது. பிஷ்கெக்கிலிருந்து வாரக்கடைசியில் வருகிறவர்கள் ஃபோனை அதற்கு நேரே காட்டினால் போதும். சமோவார் பக்கத்தில் மாட்டுங்கள். சுரகான் அக்காவுக்குத் தெரிகிற மாதிரி மாட்டுங்கள்.

உங்கள் பெர்மெத்


சோங்-கோல்
ஜூன் 26

பெர்மெத்,

அட்டை வந்தது. சொன்ன இடத்திலேயே மாட்டினேன். முதலில் பார்த்த ஜப்பான்காரப் பெண், நம் கம்பளி விரிப்பில் போடுகிற கோலம் என்று நினைத்து என்ன விலை என்று கேட்டாள்.

அப்புறம் பிஷ்கெக்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுக்காரர் ஃபோனை அட்டைக்கு நேரே நீட்டி, கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. உன் அண்ணன் குதிரைக்குச் சேணம் போட்டார். "கணவாய்க்குப் போனா சிக்னல் ரெண்டு கோடு வரும். அட்டையக் கையோட எடுத்துட்டுப் போங்க" என்றார். மனிதர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறிப்போய், கட்டிவிட்டு, மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார். உன் அண்ணன் சாவகாசமாக, "குதிரை வாடகை தனி" என்றார். அதற்கு மறுபடி ஒரு தடவை ஏறினார்! "காசு கட்டறதுக்குக் குதிரை ஏறுற ஊர இப்பத்தான் பாக்கறேன்" என்று அவர் மனைவி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் தடவை இறங்கி வந்தவர் என்னிடம் கேட்டார்: "கட்டும்போது பெர்மெத்னு பேர் வந்துச்சு. அவங்கதான் முதலாளியம்மாவா? நீங்க அவங்ககிட்ட வேலை பாக்கறீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்டார். அதற்கப்புறம் மாவு பிசையும்போதெல்லாம் இதே நினைப்பு. இந்த ஆறு கூடாரத்துக் கம்பளியையும் அடித்துத் தைத்தது என் கை. தொழில் உரிமம் உன் அண்ணன் பேரில். இணையத்தில் உன் பேர். இப்போது காசும் உன் பேரில். எனக்கென்று மிச்சம் இருப்பது மாவு ஒன்றுதான்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்திருந்தால் போன கடிதம் மாதிரி நன்றாக எழுதியிருப்பேன்.

அந்த ஏஜென்சிக்காரர் நேற்று நேரிலேயே வந்தார். மிட்டாய்ப் பெட்டி கொண்டுவந்தார். பொறுமையாக உட்கார்ந்து எல்லாம் விளக்கினார். ஒப்பந்தத்தில் என் பேரைத்தான் எழுதினார். எப்படி எழுத்துக்கூட்டுவது என்று என்னையே கேட்டு எழுதினார். கால் பங்கு போனால் போகட்டும், கார்டும் வேண்டாம் அட்டையும் வேண்டாம். ஜூலை பத்தாம் தேதி கையெழுத்து வாங்க வருகிறார். போட்டுவிடுவதாக இருக்கிறேன்.

உன் அட்டை பத்திரமாக இருக்கிறது. அடுத்த நடையில் திருப்பி அனுப்புகிறேன்.

சைரகுல்


கோச்கோர்
ஜூன் 29

அண்ணி,

கையெழுத்துப் போடாதீர்கள். ஜுமாபெக் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நானா முதலாளியம்மா? என் பேரில் இருப்பது ஒரு சைக்கிள். அதற்கும் பின்சக்கரத்தில் காற்று நிற்பதில்லை.

உங்கள் பேரில் கணக்குத் தொடங்க வேண்டுமானால் அடையாள அட்டையோடு நீங்களே நேரில் வர வேண்டும். பருவம் தொடங்கினால் நீங்கள் ஏரியை விட்டு இறங்க மாட்டீர்கள் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டு, கைக்குக் கிடைத்த என் கணக்கையே போட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அட்டையை நெருப்பில் போடுங்கள், ரொட்டியாவது வேகும்.

வியாழக்கிழமை வேனில் நான் மேலே வருகிறேன். அதே வேனில் நீங்கள் கீழே இறங்குங்கள். என் வீடு, என் ஃபோன், வங்கிகளைப் பற்றி நான் விசாரித்து வைத்ததெல்லாம் உங்களுக்கு. உங்கள் ஏப்ரன் எனக்கு. எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் ஏஜென்சிதான் சரி என்று உங்களுக்குப் பட்டால், பத்தாம் தேதி நானே உங்களுக்குப் பேனா எடுத்துத் தருகிறேன்.

முகாமை நான் பார்த்துக்கொள்வேன். எனக்கும் மாவு பிசையத் தெரியும்.

பெர்மெத்


சோங்-கோல்
ஜூலை 4

அண்ணிக்கு,

எனக்கு மாவு பிசையத் தெரியாது.

வேன் வாசலில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏப்ரனைக் கையில் திணித்து, "உப்பு டப்பா மேல் தட்டுல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் மேல் தட்டில் மூன்று டப்பா இருக்கிறது, அண்ணி! முதல் நாள் உப்புத் தேநீரில் உப்பென்று நினைத்து எல்லாருக்கும் சோடா மாவு போட்டுக் கொடுத்தேன்.

குதிரைகள் என்னைக் கறக்க விடுவதில்லை. அந்தச் சாம்பல் குதிரை நான் வாளியோடு வருவதைப் பார்த்தாலே அண்ணன் பக்கம் திரும்பி 'இது யாரு?' என்கிற மாதிரி நிற்கிறது. அண்ணன் உதவி செய்யாமல் புல்லில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். நேற்று சுட்ட ரொட்டியைக் கையில் எடுத்து, "இது அடுப்புல வெக்கறதா, அடுப்புலேருந்து எடுத்ததா?" என்று கேட்டார். போலந்துப் பிள்ளைகள் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள். புகை வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்து வயதான ஓர் அம்மா வந்திருக்கிறார். போன வருஷமும் வந்தவராம். வேனை விட்டு இறங்கியதும் என்னைத் தாண்டி, கூடாரம் கூடாரமாக எட்டிப் பார்த்தார். "சைரா? சைரா?" என்று கேட்டார். நீங்கள் இல்லை என்றதும் அவர் முகம் வாடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எழுதிப் போட்ட வரிகளைப் படித்துத்தான் எல்லாரும் வருகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை வேண்டுமானால் அப்படி வரலாம்.

அண்ணனிடம் உரிமத்தைப் பற்றிக் கேட்டேன். "ஏன்ணே, அது ஒம் பேர்ல இருக்கு?"

சேணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எம் பேர்லயா இருக்கு? சைரகுல் பேர்லன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்! நான் என்னத்துக்கு?"

சத்தியமாக நடிக்கவில்லை. முதல் வருஷம் வரி அலுவலகத்தில் வரிசையில் நின்றது அவர், அவ்வளவுதான். அன்றிலிருந்து யாரும் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. அவர் ஏதோ எழுத வேண்டுமாம், கீழே இடம் விடுகிறேன்.

பெர்மெத்

சைரகுல், எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ கொடுத்தனுப்பு, போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா, இவள் எங்களைக் கொன்றுவிடுவாள். – தாலாய்


கோச்கோர்
ஜூலை 7

பெர்மெத்,

உப்பு நடு டப்பா. சாம்பல் குதிரையிடம் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போ. அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடு, அதட்டாதே.

உன் அண்ணன் எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. அப்புறம் வரி அலுவலகத்துக்குப் போய் என் பேரில் புது உரிமத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கையெழுத்தே தேவையில்லையாம்.

முதலில் உன் ஃபோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சும்மாவே இருப்பதில்லை. காலையில் ஒருவர், சோறு தின்னும்போது ஒருவர். எங்கிருந்தோ ஒருவர் கூடாரத்துக்குள் குளிருமா என்று கேட்கிறார். இன்னொருவர் குதிரை கடிக்குமா என்று கேட்கிறார். அதிலேயே இருக்கும் உன் மொழிபெயர்ப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்த்தேன். 'கடிக்கும், ஆனால் உங்களை இல்லை' என்று போய்விட்டது. அதற்கப்புறம் அவர் எழுதவில்லை. கார்டு இல்லையென்றால் 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார்களே, அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனையையும் நீ ஒருத்தி வாங்கிக்கொண்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

உன் கண்ணாடி வங்கிக்குப் போனேன். டை கட்டின அதே பையன்தான். "இவ்ளோ கஷ்டம் எதுக்குக்கா? ஃபோன்ல லிங்க் அனுப்பிருங்க. வர்றதுக்கு முன்னாடியே மொத்தமும் கட்டிட்டு வரட்டும்" என்றான்.

"வந்தவன் ஒரு வாய் ரொட்டி திங்கறதுக்கு முன்னாடி காசக் கேக்கறதா? ஒங்க வீட்ல அப்படியா செய்வீங்க?"

"இது வீடில்லக்கா, தொழில்."

"எனக்கு ரெண்டும் ஒரே கூடாரத்துல நடக்குது தம்பி."

பாவம், கெட்ட பையன் இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தான். ஆனால் அந்த வழி எனக்கு ஒத்துவராது. வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கிற மெஷினும் வேண்டாம். 'உன் கணக்கில் பணம் இல்லை' என்று போன மனிதனைத் துரத்திக்கொண்டு திரிய என்னால் ஆகாது.

வெளியே வந்து ஜுமாபெக்கின் வேனில் உட்கார்ந்துகொண்டு, கரையில் சிக்னல் இல்லாமல் என்னதான் செய்வது என்று புலம்பினேன். அவர் தன் பங்குக்குப் புலம்பினார்: "நீ வேற. எறங்கி வரும்போது கணவாய்ல நிறுத்து நிறுத்துன்னு எல்லாரும் என் உசுர வாங்குறாங்க. ஏரியக் கடைசியா ஒரு போட்டோ எடுக்கணுமாம். அரை மணி நேரம் நிக்கறேன் அங்க, சும்மா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன?" என்றார்.

சாப்பிட்டு, தூங்கி, திருப்தியாகக் கிளம்பின பிறகு, கணவாயில் எப்படியும் வண்டி நிற்கத்தான் போகிறது. அங்கே இரண்டு கோடு வருகிறது. காசை ஏரிக்கரையில்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

நேராகச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வங்கிக்குப் போனேன். வெனேரா என்று ஒருத்தி இருந்தாள். மெஷினுக்குள்ளேயே சிம் இருக்கிறது, வேனில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், வெளிநாட்டுக் கார்டும் எடுக்கும், நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்வார்கள். அதெல்லாம் சரிதான். மாத வாடகைதான் இடித்தது.

"எத்தனை மாசத்துக்கு?"

"பன்னெண்டும்தான்க்கா."

"எங்க ஏரி ஜூன்ல தொறந்து செப்டம்பர்ல மூடிரும். கூடாரத்தையே பிரிச்சுக் கட்டி வெச்சிருவோம். ஒங்க மெஷின் மட்டும் பனில முழிச்சுக்கிட்டு யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்?"

"விதி அப்படிக்கா."

"செப்டம்பர்ல இதக் கொண்டாந்து ஒங்ககிட்டயே குடுத்துர்றேன். ஜூன்ல வந்து வாங்கிக்கறேன். குளிர்காலம் முழுக்க அது ஒங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளிகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களா?"

சிரித்துவிட்டாள். உள்ளே போய் மேனேஜரிடம் என்ன சொன்னாளோ, திரும்பி வரும்போது அவளுக்குப் பின்னால் அவரும் வந்து என்னை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உரிமத்துக்கு எழுதிக் கொடுத்த ரசீதை வைத்தே என் பேரில் கணக்கும் தொடங்கிவிட்டார்கள். பருவம் இல்லாத மாதங்களுக்கு வாடகை இல்லை. கணவாயில் வேலை செய்யாவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியில் ஒன்று கேட்டாள். நான் இல்லாத நேரத்தில் மெஷினை இயக்க இன்னொரு பேர் கொடுக்க வேண்டுமாம். உன் பேரை அப்பா பேரோடு சொன்னேன்.

"உறவு?"

"தங்கச்சி."

"அப்பா பேர் வேற வேறயா இருக்கேக்கா."

"வீட்டுக்காரரோட தங்கச்சி."

"அதுக்கு இங்க எடம் இல்ல. மனைவி, கணவர், பிள்ளை, கூடப்பொறந்தவங்க, வேலைக்காரர், அவ்வளவுதான் இருக்கு. வேலைக்காரர்னு போட்டுரவா?"

"கூடப்பொறந்தவன்னு போடும்மா. அப்பாவப் பத்தி யாராவது கேட்டா எங்கிட்ட அனுப்பு."

போட்டுவிட்டாள். ஒருத்தியைக் கேட்காமல் இன்னொருத்தி முடிவு செய்ததில் நீயும் நானும் இப்போது சரிக்குச் சரி.

அண்ணி


சோங்-கோல்
ஜூலை 10

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சாம்பல் குதிரைக்குப் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது மூக்கை உறிஞ்சினேன். அது திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, அசையாமல் நின்று கறக்க விட்டது. அழுதால்தான் பால் தரும் போலிருக்கிறது. தினமும் எங்கே போவது அழுகைக்கு?

இன்று ஏஜென்சிக்காரர் வந்தார். முழங்கை வரை மாவோடு வெளியே வந்தேன். ஃபோனில் பேசியவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"முதலாளியம்மா எங்கம்மா?"

"வங்கிக்குப் போயிருக்காங்க."

"இன்னிக்கு வரச் சொன்னாங்களே, கையெழுத்துக்கு. வங்கிக்கு என்னத்துக்கு?"

"கார்டு மெஷின் எடுக்க."

சிரித்தார். "இங்க சிக்னலே கெடையாதேம்மா."

"கணவாய்ல இருக்குல்ல?"

சிரிப்பு நின்றது. தேநீர் கொடுத்தேன். ரொட்டியும் வைத்தேன். மெதுவாகக் குடித்துக்கொண்டே யோசித்தார். நம் முகாமைப் போலப் பத்து முகாமுக்குப் போய்வருகிற மனிதர், எல்லாரும் கணவாயில் நிற்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். "ஆகஸ்ட் குழுவ அனுப்பத்தான் போறேன், எடம் வேற எங்கயும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னிடம், "கால் பங்குன்னது கொஞ்சம் கூடத்தான். ஆள் அனுப்பறதுக்கு மட்டும் ஏதாவது போட்டுக் குடுப்பாங்களா? பத்துக்கு ஒண்ணு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நீங்க முதலாளியம்மாகிட்டத்தான் பேசணும். நான் இங்க வேலை பாக்கறவ."

அண்ணன் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏஜென்சிக்காரர் ரொட்டியில் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை.

நாளை மறுநாள் பிரான்ஸ் அம்மாவும் போலந்துப் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். எல்லார் கையிலும் கார்டுதான். 'கணவாயில் கட்டுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறேன். சுரகான் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சோறு போட்டுட்டு மலையில போய்க் காசு கேக்கறதா? போனவங்க போனவங்கதான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வெளியே தைரியமாக இருக்கிறேன். உள்ளே எனக்கும் கொஞ்சம் பயம்தான். மெஷின் வேலை செய்யும்தானே அண்ணி?

உங்கள் கூடப்பிறந்தவள்
பெர்மெத்


கணவாய்
ஜூலை 12

பெர்மெத்,

இதை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் காற்றைத் திட்டு. ஜுமாபெக் காலையில் என்னையும் மெஷினையும் கணவாயில் இறக்கிவிட்டு உங்களிடம் வந்தார். உன் அண்ணனும் வேடிக்கை பார்க்கக் குதிரையில் வந்து சேர்ந்துவிட்டார். இரண்டு கோடு வந்தது, போனது, ஒன்றாயிற்று, மறுபடி இரண்டாயிற்று. ஜூலை மாதத்தில் பனித்தூறல். மெஷின் நனையக் கூடாது என்று சால்வைக்குள் வைத்துக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் ஏறி வந்தது. பிரான்ஸ் அம்மா இறங்கியதும் காசைப் பற்றி எதுவும் பேசாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்புறம் கார்டை எடுத்தார். தொகையை அழுத்தினேன். கார்டைத் தொட்டார். மெஷின் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் 'தொடர்பு இல்லை' என்றது. போலந்துப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். எனக்கு அந்த ஹாலந்துக்காரரின் காது ஞாபகம் வந்தது.

"இங்க குடு" என்றார் உன் அண்ணன். மெஷினை வாங்கி, குதிரை மேல் உட்கார்ந்தபடியே, கையை எட்டுகிற வரை மேலே தூக்கிப் பிடித்தார். "ரெண்டு கோடு!" என்று கத்தினார். "கார்டக் கொண்டாங்க, சீக்கிரம், கை வலிக்குது!" பிரான்ஸ் அம்மாவை இரண்டு போலந்துப் பிள்ளைகள் வேனின் படியில் ஏற்றிவிட, அவர் எக்கி, கார்டை மெஷினில் தொட்டார்.

பீப் என்றது.

அப்படி ஒரு சத்தம் போட்டோம். குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் போயிற்று. அதற்குள் துண்டுச்சீட்டு வெளியே வந்து காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. எல்லாரும் துரத்தினோம், ஒரு பிள்ளை விழுந்து பிடித்தான். அதில் என் பேர் இருந்தது. மை லேசாகத்தான் விழுந்திருந்தது, ஆனால் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். "பேர் மாறிருமோன்னு பாக்கறியா?" என்றார் உன் அண்ணன். போலந்துப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகக் குதிரையை அண்ணாந்து பார்த்துக் கட்டினார்கள். உன் ரொட்டியைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

கேள், இன்னும் முடியவில்லை. கடைசிப் பிள்ளை கட்டிக்கொண்டிருக்கும்போது கோச்கோர் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒரு வேன் ஏறி வந்தது. நடு வழியில் குதிரை மேல் ஒரு ஆள் மெஷினைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் கார்டோடு வரிசையில் நிற்கிறார்கள். டிரைவர் கதவைப் படாரென்று திறந்து இறங்கினார். "இங்கயும் சுங்கமா? எப்பலேருந்து? ஏரியப் பாக்கறதுக்கெல்லாம் காசு வாங்க ஒங்களுக்கு யார்யா அதிகாரம் குடுத்தது?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே வண்டியில் இருந்த நாலு பேரும், பாவம், பயந்துபோய்க் கார்டை எடுத்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள்.

விளக்கிச் சொன்னதும் டிரைவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அந்த நாலு பேருக்கும் இன்று தங்க இடம் எதுவும் ஏற்பாடாகவில்லையாம். கார்டு எடுக்கிற கூடாரம் எது என்று அவர்களே கேட்டார்கள்.

நான் இப்படியே ஜுமாபெக்கோடு கோச்கோருக்கு இறங்குகிறேன், நாளை உரிமம் கைக்கு வருகிறது. சனிக்கிழமை மேலே வருவேன், ஏஜென்சிக்காரரின் பத்துக்கு ஒன்றை அப்போது பேசிக்கொள்கிறேன். நான் வந்ததும் நீ மூட்டையைக் கட்டாதே. பள்ளிக்கூடம் திறக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருப்போம். கரையில் சிக்னல் இல்லாதது நல்லதுதான், உன் ஃபோன் கணவாய்க்கு வரும்போது மட்டும் கத்திக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதம் உன் அண்ணன் கையில் வருகிறது. அவர் பின்னால் வருகிற நாலு பேருக்கும் வடக்குக் கூடாரத்தில் படுக்கை போடு, அடுப்பை இப்போதே மூட்டு, நனைந்திருக்கிறார்கள். ரொட்டியை மட்டும் உன் அண்ணனைச் சுடச் சொல்.

அண்ணி